சரோஜினி நகர்த் தோட்டமும் அம்மாவின் கணக்கு நோட்டும்

பல வருஷங்களுக்கு முன் ஒரு சிறப்பு மலருக்காகப் பண்டிகைகளையும் பச்சிலைகளையும் பற்றிச் சின்னக் கட்டுரை ஒன்று எழுதினேன். உத்தியோகத்துக்காகத் தலைநகருக்கு வந்த நம் பெரியவர்கள், எந்தத் திதிக்கு எந்த இலை, எந்த உபாதைக்கு எந்தக் கீரை என்கிற ஞானத்தை ஊரிலிருந்தே மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள் என்று அதில் பெருமையாகக் குறிப்பிட்டிருந்தேன். படித்தவர்கள் பாராட்டினார்கள். இப்போது அதைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. அதில் இருந்தது பாதி உண்மைதான். மீதிப் பாதி என் அம்மாவின் கணக்கு நோட்டில் இருந்தது. போன வருஷம் வீடு மாறும்போதுதான் அது கையில் கிடைத்தது.

அப்பாவுக்கு மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் வேலை. 1958-ல் எங்களுக்கு விநய் நகரில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. இன்று சரோஜினி நகர் என்று எல்லோரும் அறிந்திருக்கும் இடத்துக்கு அன்று அதுதான் பெயர். சுதந்திரத்துக்குப் பின் அரசாங்க அலுவலகங்கள் பெருகியபோது, சப்தர்ஜங் விமான நிலையத்துக்கு அருகே ஐம்பதுகளில் எழுந்த காலனி அது. நடுவில் ஒரு சதுர மைதானம், அதைச் சுற்றி நாலு பக்கமும் வீடுகள். தில்லியில் வளர்ந்த நம்மவர்களில் ஒரு தலைமுறைக்கு 'ஸ்கொயர்' என்றால் கணக்குப் பாடம் ஞாபகத்துக்கு வராது, அந்த மைதானம்தான் வரும்.

காலனிக்கு முன் அங்கே என்ன இருந்தது? வயல். 1911 டிசம்பர் தர்பாரில் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாக அறிவித்த கையோடு சுற்றுவட்டார கிராமங்களின் நிலங்களை எடுத்துக்கொண்டார்கள். ரைசினா, மால்ச்சா போன்ற கிராமங்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. பிலஞ்சி மட்டும் சரோஜினி நகரை ஒட்டி இன்றும் நெருக்கமான தெருக்களாக இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் மைதானத்தில் குளிர்காலம் தவறாமல் முளைத்த கீரை, கோதுமை வயலின் களை. வயல் போய்க் கட்டடம் வந்தாலும் அந்த விதைகள் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். யாரும் விதைக்காமல் எங்கள் வீட்டு வாசலில் முளைத்தது, நிலத்தை இழந்த குடியானவனின் பழைய வயல்தான்.

1965-ல் எனக்குப் பத்து வயது. பாகிஸ்தானுடன் யுத்தம், அதோடு உணவுத் தட்டுப்பாடு. திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விடும்படி பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி கேட்டுக்கொண்டார். நாங்கள் விட்டோம், எங்கள் பாட்டிக்கு எப்படியும் சோமவார உபவாசம், அதனால் வீட்டில் பெரிய மாறுதல் ஒன்றுமில்லை. வீட்டைச் சுற்றி வெறும் நிலம் இருந்தால் அதில் உணவுப் பயிர் போடுங்கள் என்றும் அவர் சொன்னார். 10, ஜன்பத்தில் தம் வீட்டுப் புல்வெளியையே உழுது காட்டினார். அந்தச் செய்தி வந்த சில வாரங்களில் எங்கள் ஸ்கொயரின் பாதிப் புல்தரையைக் கொத்திப் பாத்தி பிரித்து, கேட்ட குடும்பத்துக்கெல்லாம் ஒரு பாத்தி கொடுத்தார்கள். தஞ்சாவூர், பாலக்காடு, பஞ்சாப், வங்காளம், அல்மோரா என்று எல்லா தேசத்தாரும் மண்வெட்டியோடு நின்ற காட்சி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பொதுப்பணித்துறை மாலி ஒருவர் மேற்பார்வை. கோரக்பூர் பக்கத்து மனிதர். எல்லோருக்கும் அவர் 'மாலிஜி'.

உற்சாகம் நாலைந்து வருஷம் இருந்தது. முள்ளங்கி, தக்காளி, கொத்தமல்லி எல்லாம் விளைந்தன. பிறகு மாற்றலாகிப் போனவர்கள் போக, வந்தவர்களுக்கு அக்கறை இல்லாமல் போக, பாத்திகளில் முக்கால்வாசி தானாக முளைப்பவற்றுக்கே விடப்பட்டன. அசோசியேஷன் கூட்டத்தில் இதை ஒரு குறையாகவே பேசுவார்கள். ஆனால் நோட்டைப் பார்த்தால் கதை வேறு. தோட்டம் ஒழுங்காக இருந்த வருஷங்களைவிட அது 'கெட்டுப்போன' வருஷங்களில்தான் எங்கள் சமையலறைக்கு அதிகம் கொடுத்திருக்கிறது.

நோட்டு சாதாரணக் கோடு போட்டது. பால், அரிசி, தயிர் மிளகாய், வண்ணான் கணக்கு. காய்கறிக் கணக்கில் சில நாட்களில் 'கீரை - தோட்டம்' என்று எழுதி, காசு எழுத வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்திருக்கிறாள் அம்மா. ஜனவரி, பிப்ரவரிப் பக்கங்களில் இந்தக் கோடு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வருகிறது. ஆடி, ஆவணியில் மறுபடியும். மாதக் கடைசியில் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது. அப்பாவின் சம்பளம் எனக்குத் தெரியும், அதனால் காரணமும் தெரியும்.

நோட்டின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. முதலில் தமிழ்ப் பெயர், அடுத்து அதன் ஹிந்திப் பெயர் தமிழ் எழுத்தில், கடைசியில் ஒரே ஒரு எழுத்து அல்லது சொல். 'மா', 'பீ', 'ஊர்'. 'மா' என்றால் மாமி என்று முதலில் நினைத்தேன். எந்த மாமி என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்துக்கொண்டும் இருந்தேன். பிறகு 'பீ' யார் என்று புரிந்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. எதிர் வரிசையில் லாயல்பூரிலிருந்து 1947-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த பஞ்சாபிக் குடும்பத்தின் மூதாட்டி. ஸ்கொயர் முழுக்க அவரை 'பீஜி' என்றே கூப்பிடும். அப்படியானால் 'மா' மாலிஜி. 'ஊர்' என்பது அம்மா கும்பகோணத்திலேயே அறிந்து வந்தது. பட்டியலில் மொத்தம் முப்பத்திரண்டு பெயர்கள். 'ஊர்' என்று இருப்பவை ஒன்பதே ஒன்பது!

கணக்கு இதுதான். நான் பெருமையாக எழுதிய மூட்டையில் ஒன்பது இலைகள் இருந்தன. மற்றவை இங்கே கேட்டுக் கற்றவை.

இதில் ருசியான பகுதி, யார் யாரிடம் எதைக் கற்றார்கள் என்பது. பீஜி டிசம்பர் வெயிலில் மோடா போட்டு உட்கார்ந்து பாத்தியிலிருந்து பத்துவா பறிப்பார். சாம்பல் பூத்த மாதிரி இலையின் அடியில் வெள்ளைப் பொடி. "களையை யாராவது சமைப்பாளா?" என்று அம்மா முதலில் எங்களிடம் ரகசியமாகச் சிரித்தாள். பீஜி ஒரு நாள் பத்துவா போட்ட தயிர்ப் பச்சடியைக் கிண்ணத்தில் கொடுத்தனுப்பினார். வெங்காயம் இல்லை என்று சத்தியம் செய்த பிறகு அப்பா சாப்பிட்டார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பத்துவா மசியல், பத்துவா பருப்புக்கூட்டு, பொரித்த குழம்பு எல்லாம் வந்தன. இதே கீரைக்குத் தமிழில் சக்கரவர்த்திக் கீரை என்று பெயர் உண்டு என்பதை அம்மா ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டாள். நோட்டில் முதலில் 'பத்துவா' என்று மட்டும் இருக்கிறது. தமிழ்ப் பெயரைப் பிறகு வேறு மையில் சேர்த்திருக்கிறாள். அதாவது தமிழ்நாட்டுக் கீரை ஒன்றைத் தமிழ்க் குடும்பம் ஒன்று லாயல்பூர்ப் பாட்டி வழியாகக் கற்றுக்கொண்டிருக்கிறது.

மணத்தக்காளி விஷயத்தில் இது நேர் எதிர். சுவரோரம் நிழலில் மணத்தக்காளி தானாக வளர்ந்து கிடந்ததைப் பார்த்து அம்மாவுக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது என்று சொல்வாள். பறித்துக்கொண்டிருந்தபோது பீஜி ஓடிவந்து கையைப் பிடித்தாராம். அவர்களுக்கு அது மகோய், மருந்துச் செடி. அதை யாராவது குழம்பில் போடுவார்களா, குழந்தைகள் இருக்கும் வீட்டில்! இருவருக்கும் நடுவில் பாஷையும் சரியாக இல்லை. மாலிஜிதான் வந்து ஒரு பழுத்த கறுப்புப் பழத்தை வாயில் போட்டுக் காட்டி வழக்கைத் தீர்த்தார். எங்கள் வீட்டில் த்வாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை வேண்டும். தில்லிக் குளிரில் அகத்தி நிலைக்காது. அதனால் நெல்லிக்காய்ப் பச்சடியோடு மணத்தக்காளிக் கீரை என்று பாட்டி ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். காயைப் பறித்து மோரில் ஊறவைத்து மொட்டை மாடியில் காயப்போட்ட வற்றல், ஊருக்குப் போகும்போது கும்பகோணத்துக்கே போனது. மாமா வீட்டில் "தில்லி வற்றல்" என்று அதற்குப் பெயர்.

பிரண்டை மட்டும் ஊரிலிருந்து வந்தது. சிராத்தத்தில் பிரண்டைத் துவையல் இல்லாமல் ஆகாது. பாகற்காய் நூறு, பிரண்டை முந்நூறு, பலா அறுநூறு என்று ஆயிரத்தெட்டுக் கறியமுது கணக்குச் சொன்ன கதை எல்லோருக்கும் தெரிந்ததே. அம்மா கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஈரத்துணி சுற்றி இரண்டு கணு கொண்டுவந்து வேலியில் விட்டாள். அதைப் பார்த்த மாலிஜி "ஹட்ஜோட்" என்றார். எலும்பு கூட்டி. அவர் ஊரிலும் உண்டாம், முறிவுக்குக் கட்டுவார்களாம். சாப்பிடுவது மட்டும் அவருக்கு ஆச்சரியம். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நார் உரிக்க வேண்டும், எண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கும் தொண்டையும் அரித்துத் தள்ளும். இதை அம்மா மாலிஜிக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஞானம் அந்தப் பக்கமும் கொஞ்சம் போயிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு அல்ப திருப்தி.

விநாயக சதுர்த்திக்கு இருபத்தொரு பத்திரம் சேர்ப்பது எங்கள் பையன்கள் கூட்டத்தின் பெரிய வேலை. குடும்பத்துக்குக் குடும்பம் பட்டியல் கொஞ்சம் மாறும். ஆனால் அருகு, வில்வம், வன்னி, நாயுருவி, எருக்கு, ஊமத்தை, இலந்தை, அரசு, மருது, மாதுளை, நொச்சி, விஷ்ணுகிராந்தி, தேவதாரு இவை அநேகமாக எல்லாவற்றிலும் வரும். காவேரிக் கரையில் இருந்தவரை பாதிக்கு மேல் கிடைக்காது, அக்ஷதையைப் போட்டு ஒப்பேற்றுவோம் என்பாள் பாட்டி. தில்லியிலோ தோட்டத்தையும் தெருவையும் சுற்றினால் அநேகமாக அத்தனையும் அகப்பட்டது. மருதுக்கு அப்பா. புது தில்லியைக் கட்டியபோது ஜன்பத்தின் இரு பக்கமும் வைத்த மரம் மருதுதான். ஆபீஸிலிருந்து வரும்போது சைக்கிள் கேரியரில் ஒரு கொத்து செருகி வருவார். வன்னி இந்தப் பிரதேசத்து மண்ணின் மரம், மாலிஜிக்கு அது 'ஜாண்ட்'. வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்து ரிட்ஜ் முழுக்கப் பரவிய விலாயதி கீக்கரை, அதாவது நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தை, வன்னி என்று நினைத்து நான் ஒரு தடவை கொண்டுவந்தபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தேவதாருவுக்கு மட்டும் சிம்லாவுக்கு ஆபீஸ் வேலையாகப் போய் வருபவர் யாராவது கிடைக்க வேண்டும்.

இதை யோசித்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. நாம் பரம்பரையாக நம் ஊர்ச் சொத்து என்று நினைக்கும் பட்டியலில் தேவதாரு இமயமலை மரம். மற்றதிலும் பெரும்பகுதி இந்த வடக்கத்திப் பொட்டல் காட்டில் தாராளமாக வளர்கிறவை. வெகு தூரம் பிரயாணம் செய்த பட்டியல் ஒன்று எங்கள் காலத்தில் திரும்பி வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. இன்னொரு வேடிக்கை. அம்மா 'ஊர்' என்று எழுதிய ஒன்பதில் ஒன்று வெட்டுக்காயப் பூண்டு. முட்டியில் சிராய்த்துக்கொண்டு வந்தால் கசக்கிப் பிழிவாளே, அதுதான். அதன் பூர்வீகம் அமெரிக்கா! எந்தக் காலத்துக் கப்பலிலோ வந்து நம் பாட்டி வைத்தியத்தில் சேர்ந்துவிட்டது.

பறிப்பதற்கு விதிகள் இருந்தன. அம்மாவின் விதி, சோமவாரத்தில் வில்வம் பறிக்கக் கூடாது, முதல் நாளே எடுத்து வைக்க வேண்டும்; த்வாதசியில் துளசியைத் தொடக் கூடாது; விளக்கு வைத்த பிறகு எந்த இலையும் கூடாது. மாலிஜியின் விதி, இருட்டிய பிறகு செடி தூங்குகிறது, தொடாதே. இரண்டும் ஒன்றாக இருப்பதில் அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். அவருடைய மற்ற விதிகள் சாஸ்திரத்தில் இல்லாதவை. நுனியைக் கிள்ளு, வேரோடு பிடுங்காதே. ஓர் இடத்தில் மூன்று செடி இருந்தால் ஒன்றை விட்டு வை. நாய் போகும் சுவரோரத்தில் தரையை ஒட்டி இருப்பதை எடுக்காதே. மருந்து அடித்த வாரம் பாத்திப் பக்கமே வராதே. ரத சப்தமிக்கு ஏழு எருக்கிலை பறித்தால் காம்பைக் கீழே பார்க்க வைத்துப் பால் வடிந்த பிறகே வீட்டுக்குள் கொண்டுபோ. பால் கண்ணில் பட்டால் ஆபத்து. தை மாசத் தில்லிக் குளிரில், விடியற்காலையில், தலையிலும் தோளிலும் எருக்கிலையை வைத்து ஜலத்தைக் கொட்டும்போது கண்ணைப் பற்றிக் கவலைப்பட யாருக்கு நேரம் இருந்தது என்பது வேறு விஷயம்.

ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். பங்குனி வெயிலில் பாத்தியோரம் மஞ்சள் பூவும் முள் இலையுமாக ஒரு செடி வளரும். நம் பக்கத்தில் பிரமதண்டு, இங்கே சத்யாநாசி. அதன் காயை உடைத்தால் கடுகு மாதிரியே கறுப்பு விதை. வீட்டுக்குக் கடுகு சேர்த்துக் கொடுக்கலாம் என்று கால்சட்டைப் பை நிறையச் சேர்த்திருந்தேன். மாலிஜி என் கையைத் தட்டி, பையைத் திருப்பி உதறி, முதுகில் ஓர் அடியும் வைத்தார். ஒரு மாலி பிள்ளையை அடித்துவிட்டான் என்று அப்பாவுக்குக் கோபம். முப்பது வருஷத்துக்குப் பிறகு, 1998 ஆகஸ்டில், தில்லியில் கடுகெண்ணெயில் இந்த விதையின் எண்ணெய் கலந்ததால் கால் வீங்கி, மூச்சுத் திணறி அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். பேப்பரில் செடியின் படத்தைப் பார்த்த அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

மூலிகை என்றால் எல்லாம் நல்லது என்கிற எண்ணம் அதனாலேயே எனக்கு வரவில்லை. மழைக்குப் பின் தோட்டத்தில் கம்பளம் போல முளைத்த கீழாநெல்லியை மஞ்சள் காமாலைக்கு அரைத்து மோரில் கொடுத்திருக்கிறார்கள். 1988-ல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் லான்செட் இதழில், ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்ததாக எழுதினார்கள். நாங்கள் எல்லோரும் மார்தட்டிக்கொண்டோம். பின்னால் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு சீந்தில் கஷாயம் குடித்தார்கள். அப்படிக் குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாக மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். ஒத்த தோற்றமுள்ள வேறு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. எந்தக் கொடி என்று பார்த்தவுடன் சொல்லக்கூடிய ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் இந்தச் சண்டைக்கே பாதி இடமில்லை. எங்களுக்கு அப்படி ஒருவர் இருந்தார்.

அவரை நாங்கள் எப்படி நடத்தினோம் என்பதையும் எழுதத்தான் வேண்டும். சிராத்தத்துக்கு அருகும் பூஜைக்கு வில்வமும் அவர் பறித்துக் கொடுத்தால் பாட்டி ஜலம் தெளித்து எடுத்துக்கொள்வாள். இலைக்கு ஜலம் தெளித்தால் போதும். மனிதருக்கு வாசல்படிதான் எல்லை. பின்கட்டு ஜன்னலில் அவருக்கென்று நெளிந்த அலுமினிய டம்ளர் ஒன்று தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். காப்பி அதில்தான். பட்டியலில் பாதிக்கு மேல் 'மா' என்று எழுதிய அம்மாவும் அந்த டம்ளரைத் தொட்டுக் கழுவியதில்லை. அவரே குழாயடியில் கழுவிக் கவிழ்ப்பார். அந்தக் காலம் அப்படி என்று சொல்லலாம். எதிர் வரிசையில் பீஜி அதே காலத்தில்தான் இருந்தார், அவர் வீட்டில் மாலிஜி மோடாவில் உட்கார்ந்து லஸ்ஸி குடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். மாலிஜியின் பெயர் என்ன என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. நோட்டிலும் இல்லை.

பெயர் இல்லாமல் போவது புதிதல்ல. காஞ்சிபுரத்துக்கு அருகே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துப் பெரிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆண்டு கி.பி. 1069. வேத பாடசாலை, மாணவர் விடுதி, இவற்றோடு பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர் சாலையும் அங்கே நடந்தது. மருத்துவர், சத்திர சிகிச்சை செய்பவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர் என்று ஒவ்வொருவருக்கும் நிவந்தம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது. மருத்துவரின் பெயர் ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். பச்சிலை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து அடுகிறவர்கள் இரண்டு பேர். அவர்களுக்கும் நெல் உண்டு. பெயர் கிடையாது. இந்தக் கல்வெட்டைப் பற்றி மேடையில் நான் இரண்டு தடவை பேசியிருக்கிறேன், பட்டரின் பெயரைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அந்த இரண்டு பேர் நோட்டைப் பார்த்த பிறகுதான் என் கண்ணில் பட்டார்கள்.

அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். அதற்கு முன்பே தோட்டத்தில் காஜர் காஸ் என்கிற பார்த்தீனியம் புகுந்து மற்றதை அமுக்கத் தொடங்கிவிட்டது. மாலிஜியும் ரிடையராகி ஊர் போய்விட்டார். எனக்கு வேலை கிடைத்து வேறு காலனியில் வீடு வந்தது. ஆனாலும் சதுர்த்திக்கு முதல் நாள் பழைய ஸ்கொயருக்கு ஒரு நடை போய்விடுவேன். 2016-ல் மத்திய அமைச்சரவை சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் முதலிய ஏழு அரசுக் காலனிகளை இடித்து அடுக்குமாடியாகக் கட்ட ஒப்புதல் கொடுத்தது. 2018 ஜூனில் மரங்களை வெட்டத் தொடங்கியதும் ஜனங்கள் மரங்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் போகும் என்று பத்திரிகைகள் எழுதின. தில்லி உயர் நீதிமன்றம் தடை போட்டது, பிறகு திட்டத்தில் மாறுதல்கள் செய்தார்கள். நானும் ஒரு மாலை நேரம் போய் நின்றேன். மரத்துக்கு 1994-ல் போட்ட தில்லிச் சட்டம் ஒன்று இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, நம்பர் இருக்கிறது. மணத்தக்காளிக்கும் மூக்கிரட்டைக்கும் யார் நம்பர் போடுவார்கள்? எங்கள் ஸ்கொயரில் வேலி அடைத்து அஸ்திவாரத்துக்கு ஆழமாகத் தோண்டியபோது, அந்தப் பழைய கோதுமை வயல் மண் லாரியில் ஏறிப் போனது.

இப்போது நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் அழகான பூங்கா இருக்கிறது. கொரியன் புல், வரிசையாக அழகுச் செடிகள். மழைக்கு மறுநாள் புல்லின் நடுவே கீழாநெல்லி தலைகாட்டும். அந்த வாரமே களைக்கொல்லி அடித்துவிடுவார்கள். சதுர்த்திக்கு இருபத்தொரு பத்திரமும் பிளாஸ்டிக் பையில் கடையில் கிடைக்கிறது. போன தடவை பிரித்துப் பார்த்தேன். ஒரே செடியின் இலை நாலு வெவ்வேறு பெயரில் இருந்தது. என் மாட்டுப்பெண் போனில் படம் எடுத்துக் காட்டிக் கேட்டாள். போன் சொன்ன பெயர்களில் இரண்டு தப்பு என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது, சரியான பெயர் எனக்கும் தெரியவில்லை. முப்பத்திரண்டில் நான் கண்ணால் பார்த்து அடையாளம் சொல்லக்கூடியவை பதினெட்டு. மீதியை நோட்டில் படிக்க முடிகிறது, தரையில் காண முடியவில்லை.

பூங்காவைப் பராமரிக்கும் இளைஞன் பஸ்தி ஜில்லாக்காரன், கோரக்பூருக்குப் பக்கம். ஒரு நாள் பட்டியலை அவனுக்குப் படித்துக் காட்டினேன். இருபதுக்கு மேல் உடனே தெரிந்தது. "எங்கள் ஆஜி இதெல்லாம் பறிப்பாள்" என்றான். அவன் பெயரைக் கேட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அனுமதி வாங்காமல் இங்கே அச்சில் போட மனமில்லை. பின் சுவரை ஒட்டி ஒரு முப்பதடி நீளத்துக்கு மருந்து அடிக்காமல் விடும்படி கமிட்டியிடம் கேட்டேன். கொசு வரும் என்றார்கள். ஹோலி வரை பார்க்கலாம் என்று இப்போதைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

விநய் நகர், லோதி காலனி, கரோல் பாக், ராமகிருஷ்ணபுரம் என்று அந்த நாட்களில் இருந்த அங்கத்தினர்களும், மாதுங்கா, மயிலாப்பூர், பெங்களூர் என்று எங்கிருந்தாலும் இப்படிப் பொதுத் தோட்டங்களில் பறித்து வளர்ந்தவர்களும் தங்கள் வீட்டுப் பழைய நோட்டுகளை ஒரு தடவை புரட்டிப் பார்க்க வேண்டும். இலையின் பெயரோடு, அதைக் காட்டிக்கொடுத்தவர் யார் என்று ஏதாவது குறிப்பு இருந்தால் அன்புடன் எழுதி அனுப்புங்கள். பெயர் தெரிந்தால் ரொம்ப நல்லது. எங்கள் ஸ்கொயரில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், மாலிஜியின் பெயர் உங்களுக்காவது தெரியுமா?